கொல்லிமலைச் சாமையும் இடையளவும்

(விழா அவையில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



நாமக்கல் மாவட்டத்தில் காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் கொல்லிமலையின் மேட்டுநிலம் வரும். வல்வில் ஓரி ஆண்ட மலை அது. அங்குச் செல்வோர் ஆகாய கங்கை அருவியைக் கண்டு, அறப்பளீசுவரர் கோயிலைச் சுற்றி, பலாவும் அன்னாசியும் மிளகும் வாங்கிக்கொண்டு திரும்புவர். வழிநெடுகச் சரிவுகளில் கைவிரல்போல் விரிந்த இலைகளோடு நிற்கும் பயிரை ஊன்றிப் பார்ப்பவர் சிலரே. அது மரவள்ளி. சேலம், நாமக்கல் வட்டாரத்தார் குச்சிக்கிழங்கு என்பர். அந்தச் சரிவுகளில் இரண்டு தலைமுறைக்கு முன் விளைந்தவை வேறு: சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு.

மலையில் வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். இப்பெயர் கேரளத்தைக் குறிப்பதன்று. மலைக்குரியவர் என்பதே பொருள். அவர்கள் ஒரு சாமையை மட்டும் பயிரிடவில்லை. கட்டவெட்டிச் சாமை என்றும் மல்லியச் சாமை என்றும், தினையில் செந்தினை என்றும் பெருந்தினை என்றும், மண்ணுக்கும் மழைக்கும் ஏற்ப வகைகளைப் பிரித்து, விதை காத்து வந்தனர். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் இம்மலையில் பணியாற்றத் தொடங்கியபோது, இவ்வகைகளுள் பல ஒருசில குடும்பங்களின் விதைக்கலங்களில் மட்டுமே எஞ்சியிருந்தன. அந்நிறுவனம் மலைமக்களோடு சேர்ந்து விதைகளைத் திரட்டியதும், மகளிர் குழுக்களுக்குச் சிறுதானியம் உமி நீக்கும் பொறிகளை அமைத்துக் கொடுத்ததும், மாவும் சத்துக்கலவையும் செய்து விற்கப் பழக்கியதும் வேளாண் உலகம் நன்கறிந்த செய்திகள்.

சாமை ஏன் விலகிற்று? மலைமக்கள் அறியாமையால் கைவிட்டனர் என்று சமவெளியில் இருந்துகொண்டு சொல்லுதல் எளிது. உண்மை அதுவன்று. சாமையின் உமி கடினமானது. உரலிலிட்டு உலக்கையால் குற்றி, முறத்தால் புடைத்து, மீண்டும் குற்றி, ஒரு வேளைச் சோற்றுக்கு வேண்டிய அரிசியை எடுக்க ஒரு பெண்ணின் காலைப்பொழுது முழுவதும் கழியும். வயல்வேலையும் விறகும் தண்ணீரும் அவள் தலைமேலேயே இருந்தன. மரவள்ளியோ குச்சியை நட்டால் வளர்வது. அறுவடைக் காலத்தில் லாரி வந்து ஏற்றிச்சென்று கையில் பணம் தருவது. அந்தப் பணத்தில் அரிசி வாங்கலாம். பின்னர் அரிசியை வாங்குவதற்கும் பணம் வேண்டாத நிலை வந்தது. தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரிலிருந்து நியாயவிலைக் கடைகளில் அரிசி கிலோ ஒரு ரூபாய்க்குக் கிடைத்தது. 2011 ஜூன் முதல் விலையின்றியே வழங்கப்படுகிறது. பசியை விரட்டிய அரிசியைப் பழித்தல் அறமன்று. எனினும் குற்றவும் புடைக்கவும் தேவையற்ற வெண்ணிற அரிசி வாசலுக்கு வந்தபின், சாமைக்காக உலக்கை எடுக்க எவர் முன்வருவர்?

கொல்லிமலையில் அண்மைக்காலத்தில், கண்ணெதிரே நடந்த இம்மாற்றம் சமவெளியில் முன்னரே நடந்து முடிந்து, மறக்கவும்பட்டுவிட்டது. வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பகுதிகளில் உள்ள தமிழ்ச் சமணச் சிற்றூர்களிலும் கேழ்வரகுக் களியும் கம்பங்கூழும் வரகரிசிச் சோறும் நாளுணவாக இருந்த காலம் முதியோர் நினைவில் உண்டு. நெல் விளைந்த வீடுகளிலும் அன்றாடம் நெற்சோறு என்பது செல்வத்தின் அடையாளமாகவே கருதப்பட்டது. இன்று மூன்று வேளையும் அரிசி. இடையிடையே கோதுமை, மைதா, சர்க்கரை. உழைப்போ ஏரிலிருந்து நாற்காலிக்கு மாறிவிட்டது. உண்ணும் பொருள் ஒரு பக்கமும் உடலின் உழைப்பு மற்றொரு பக்கமும் மாறியதன் விளைவு எண்களில் தெரிகிறது. 2015–16ஆம் ஆண்டுகளின் தேசிய குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களுள் 30.9 விழுக்காட்டினர் மிகை எடையோ பருமனோ உடையவராக இருந்தனர். 2019–21இல் அது 40.4 விழுக்காடு ஆயிற்று. ஆண்களிடையே 28.2 விழுக்காடு 37 விழுக்காடாக உயர்ந்தது. நான்கைந்து ஆண்டுகளுக்குள் நிகழ்ந்த உயர்வு இது.

கொல்லிமலையார் அனைவரும் பருத்துவிட்டனர் என்பது இதன் பொருளன்று. மேட்டிலும் சரிவிலும் நடந்து உழைப்போர் அங்கே இன்னும் பலர். அம்மலையை இங்கே எடுத்துக்காட்டுவதற்குக் காரணம், ஒரு சமுதாயத்தின் உணவுக்கலம் எவ்வாறு மாறுகிறது என்பதைத் தெளிவாகக் காட்டும் இடம் அது என்பதே. மாறிய கலம் உடலுக்குள் என்ன செய்கிறது என்பது அடுத்த கேள்வி.

உடல் பருமன் என்றால் பலரும் நினைப்பது எடையை மட்டுமே. மருத்துவர் அஞ்சுவது எடையைப் பின்தொடர்ந்து வரும் கூட்டத்தை. அக்கூட்டத்துக்கு வளர்சிதை மாற்ற நோய்க்குறித் தொகுப்பு என்று பெயர். இதில் ஐந்து குறிகள் உள்ளன. முதலாவது, இடையளவு: தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை. இரண்டாவது, இரத்தத்தில் டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு 150 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருத்தல். மூன்றாவது, நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல். ஆண்களுக்கு 40க்கும் பெண்களுக்கு 50க்கும் கீழே இறங்குதல். நான்காவது, இரத்த அழுத்தம் மேலெண் 130ஐயோ கீழெண் 85ஐயோ தொடுதல். ஐந்தாவது, வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை 100ஐத் தொடுதல். இவ்வைந்தில் எவையேனும் மூன்று ஒருவரிடம் சேர்ந்திருந்தால் தொகுப்பு அவரிடம் உள்ளது என்று பொருள். மாத்திரை உண்டு அழுத்தத்தையோ சர்க்கரையையோ கட்டுக்குள் வைத்திருப்பவருக்கும் அக்குறி இருப்பதாகவே கணக்கு. மாத்திரையால் எண் இறங்கியது, குறி நீங்கவில்லை.

இக்குறிகள் தற்செயலாய்ச் சேர்வன அல்ல என்பதை 1988இல் அமெரிக்க மருத்துவர் ஜெரால்டு ரீவன் தம் பாண்டிங் சொற்பொழிவில் எடுத்துரைத்தார். அவர் இதனை எக்ஸ் நோய்க்குறித் தொகுப்பு என்றார். வியப்பு என்னவெனில், அவருடைய பட்டியலில் பருமன் இடம்பெறவில்லை. பருமன் இல்லாதவரிடமும் இக்கூட்டு காணப்படுகிறது என்பது அவர் கருத்து. அதன்பின் ஒவ்வோர் அமைப்பும் தனக்கென ஓர் இலக்கணம் வகுத்து மருத்துவர்களையே குழப்பியது. 2009இல் உலக நீரிழிவுக் கூட்டமைப்பும் அமெரிக்க இதயச் சங்கமும் பிற அமைப்புகளும் கூடி, மேற்சொன்ன ஐந்தில் மூன்று என்னும் பொது இலக்கணத்தை ஏற்றன.

உடலுக்குள் நடப்பதைச் சுருங்கச் சொன்னால், தோலுக்கடியில் கொழுப்பைச் சேமிக்கும் இடத்துக்கு ஓர் எல்லை உண்டு. களஞ்சியம் நிறைந்தபின் வரும் நெல்லைத் தாழ்வாரத்திலும் படுக்கையறையிலும் கொட்டி வைப்பதுபோல், மிகுந்த கொழுப்பு வயிற்றின் உள்ளுறுப்புகளைச் சுற்றியும் கல்லீரலுக்குள்ளும் தசைக்குள்ளும் தங்குகிறது. அங்கே தங்கிய கொழுப்பு இன்சுலினின் சொல்லைச் செல்லாததாக்குகிறது. கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. கல்லீரல் வேண்டாத நேரத்திலும் சர்க்கரையை வெளியிடுகிறது. டிரைகிளிசரைடை இரத்தத்தில் கலக்கிறது. நல்ல கொழுப்பு குறைகிறது. மிகுந்த இன்சுலின் சிறுநீரகத்தில் உப்பைத் தேக்குவதால் இரத்த அழுத்தம் ஏறுகிறது. இவற்றுள் ஒன்றும் வலிக்காது. பல்வலி வந்தவன் அன்றே மருத்துவரைத் தேடுவான். இத்தொகுப்பை உடையவனோ பத்தாண்டு கழித்து நெஞ்சுவலி வரும்வரை தன்னை நலமுடையவன் என்றே எண்ணியிருப்பான்.

பருமனுடைய பெரியவர்களுள் எத்தனை பேரிடம் இத்தொகுப்பு இருக்கிறது? அமெரிக்காவில் 1988 முதல் 1994 வரை நடந்த தேசிய ஆய்வின் தரவுகளை ஆராய்ந்து 2003இல் வெளியிட்ட கணக்கின்படி, இயல்பான எடையுள்ள ஆண்களுள் 4.6 விழுக்காட்டினர்க்கும், மிகை எடையினருள் 22.4 விழுக்காட்டினர்க்கும், பருமனானவருள் 59.6 விழுக்காட்டினர்க்கும் இது இருந்தது. பருமனுடைய பெண்களுள் ஏறத்தாழப் பாதி. ஐரோப்பாவில் ஏழு நாடுகளைச் சேர்ந்த பத்து ஆய்வுக் குழுக்களின் 1,63,517 பேருடைய தரவுகள் 2014இல் ஒன்றுதிரட்டப்பட்டன. அங்கே பருமனுடைய பெண்களுள் இத்தொகுப்பு இத்தாலியக் குழுவொன்றில் 24 விழுக்காடு. பின்லாந்துக் குழுவொன்றில் 65 விழுக்காடு. ஆண்களில் 43 முதல் 78 விழுக்காடு வரை. ஒரே கண்டத்தில், ஒரே பருமன் அளவில், இத்துணை வேறுபாடு! எடை ஒன்றே காரணமாயின் இவ்வேறுபாட்டுக்கு இடமில்லை. உணவு, உழைப்பு, குடிவழி, வயது ஆகியவை எடையோடு கூடியே விளைவைத் தீர்மானிக்கின்றன.

சென்னையில் நடந்த ஆய்வுகளும் கற்கத்தக்கவை. 2003இல் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர், ஆசியர்க்கேற்பத் திருத்திய இடையளவைக் கொண்டு நகரப் பெரியவர்களை ஆராய்ந்தபோது 41.1 விழுக்காட்டினரிடம் இத்தொகுப்பைக் கண்டனர். மருத்துவர் வி. மோகன் குழுவினரின் சென்னை ஆய்வு 2007இல் வெளிவந்தது. அது ஒரே மக்களை மூன்று இலக்கணங்களால் அளந்தது, விடை 18.3, 23.2, 25.8 விழுக்காடு என மூன்றாக வந்தது. பருமனானவரை மட்டுமன்றி எல்லா எடையினரையும் சேர்த்த கணக்கு இது. அளவுகோல் மாறினால் நோயாளியின் எண்ணிக்கையும் மாறும் என்பதை நினைவில் வைத்தே இத்தகைய எண்களைப் படிக்க வேண்டும். செய்தித்தாள் தலைப்புகள் இதனைச் சொல்வதில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இந்தியாப் ஆய்வு, நாட்டின் எல்லா மாநிலங்களிலும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோரை அளந்தது. அதன் 2023ஆம் ஆண்டு அறிக்கைப்படி நாட்டில் 11.4 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு, 35.5 விழுக்காட்டினர்க்கு உயர் இரத்த அழுத்தம். பொதுப் பருமன் 28.6 விழுக்காடு, வயிற்றுப் பருமன் 39.5 விழுக்காடு. கடைசி இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். எடைக் கணக்கில் பருமனாகாத பலர்க்கு வயிறு பருத்திருக்கிறது. 2025இல் அதே ஆய்வின் மற்றொரு கட்டுரை மக்களை நான்காகப் பிரித்தது. பருமனும் வளர்சிதைக் கோளாறும் சேர்ந்தவர் 28.3 விழுக்காடு. பருமன் இருந்தும் கோளாறு இல்லாதவர் 2 விழுக்காடும் இல்லை. இதனைப் பருமனானவர் பக்கம் நின்று படித்தால், நூறு பேரில் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் கோளாறுடையவர் என்றாகும். இவ்வாய்வில் பருமனுக்கும் கோளாறுக்கும் கொண்ட இலக்கணம் அமெரிக்க, ஐரோப்பிய ஆய்வுகளினதிலிருந்து வேறாதலால் எண்ணோடு எண்ணை நேராக ஒப்பிடலாகாது. ஆயினும், பருமன் இருந்தாலும் தமக்கு ஒன்றுமில்லை என்று சொல்லும் உரிமை இந்நாட்டில் மிகச் சிலர்க்கே உண்டு.

அந்தச் சிலரும் அந்நிலையிலேயே நிற்பதில்லை. அமெரிக்காவில் பல இனத்தவரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்றில், தொடக்கத்தில் பருமனோடு நலமாக இருந்தவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் பன்னிரண்டு ஆண்டுகளில் இத்தொகுப்புக்கு ஆளாயினர். இது 2018இல் வெளிவந்தது. முப்பது வயதில் இரத்தப் பரிசோதனை நன்றாக வந்தது என்று தாளை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்ட இளைஞர்க்கு இச்செய்தி உரியது.

அதே 2025ஆம் ஆண்டுக் கட்டுரையின் மிகப் பெரிய எண் வேறொன்று. பருமன் இல்லாமலே வளர்சிதைக் கோளாறு உடையவர் 43.3 விழுக்காடு. நான்கு பிரிவுகளுள் இதுவே முதலிடம். எடைத் தட்டில் ஏறி மகிழ்ச்சியோடு இறங்குபவருள் பலர் இதில் அடங்குவர்.

இதனை ஒரு படம் உலகுக்கு விளக்கிற்று. 2004இல் லான்செட் மருத்துவ இதழில் இரு மருத்துவர்கள் தங்கள் இருவரின் ஒளிப்படத்தையே வெளியிட்டனர். ஒருவர் புணேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்ஞிக். மற்றவர் இலண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின். இருவருக்கும் உடல் நிறைக் குறியீடு ஒன்றே: 22.3. எந்த மருத்துவமனையிலும் இருவருக்கும் ஒரே சான்று கிடைக்கும். ஆனால் உடலில் உள்ள கொழுப்பை அளந்தபோது யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்ஞிக்குக்கு 21.2 விழுக்காடு. இந்திய உடல் மெலிந்து காட்டும். உள்ளே கொழுப்பை மறைக்கும். யாஜ்ஞிக் இதன் வேரைக் கருவறை வரை தேடினார். எடை குறைந்து பிறக்கும் இந்தியக் குழந்தைகளிடமும் தசை குறைவாகவும் கொழுப்பு அவ்வளவு குறையாமலும் இருப்பதைப் புணே ஆய்வுகள் காட்டின. பசியோடு வாழ்ந்த பாட்டியின் உடல் சிக்கனத்தைக் கற்றுப் பேரனுக்குத் தந்தது. பேரனோ சிக்கனம் தேவையற்ற கடைத்தெருவில் வாழ்கிறான். இதனால்தான் மேனாட்டார்க்குப் பருமனின் தொடக்கம் 30 ஆயின், இந்தியர்க்கு 25 என்று வரையறுத்தனர். 23லேயே மிகை எடை தொடங்குகிறது. 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் 59 கிலோவைத் தாண்டும்போதே கவனம் கொள்ள வேண்டும்; 64இல் பருமன்.

சைவ உணவினர்க்கு இவை பொருந்தா என்னும் எண்ணம் தமிழ்ச் சமணக் குடும்பங்களில் ஆழமாக வேரூன்றியுள்ளது. புலால் உண்ணாமை உயிர்க்கருணையால் கொண்ட நோன்பு. அது இடையளவுக்குக் காப்பு அன்று. மேற்சொன்ன சென்னை ஆய்வின் மற்றொரு பகுதி 2009இல் வெளிவந்தது. தீட்டிய தானியத்தை மிக மிகுதியாக உண்டவர்க்கு, மிகக் குறைவாக உண்டவரைவிட இத்தொகுப்பு இருக்கும் வாய்ப்புப் பல மடங்கு மிகுதி என்று அது கண்டது. அவ்வுணவில் முதலிடம் பெற்றது வெள்ளரிசி. நாடு முழுவதற்குமான 2025 உணவுக் கணக்கில் இந்தியர் பெறும் ஆற்றலில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது. அதிலும் பெரும்பகுதி தீட்டிய அரிசியும் அரைத்த மாவும் சர்க்கரையும். ஒரு திருமண விருந்தின் இலையை மனக்கண்ணில் பார்த்தாலே போதும். மலைபோல் சோறு, அதற்கு இறங்குமுகமாகச் சாம்பார், இரசம், பாயசம்; காய்கறி இரண்டு விரற்கடை; பருப்பு ஒரு கரண்டி.

சமண மரபு இதற்கு மாற்றை அறியாததன்று. புறத்தவங்கள் ஆறனுள் உண்ணாநோன்புக்கு அடுத்தது அவமோதரியம்: வயிறு நிறையுமுன் கையை எடுத்தல். மற்றொன்று இரச பரித்தியாகம்: நெய், எண்ணெய், பால், தயிர், இனிப்பு, உப்பு ஆகியவற்றுள் சிலவற்றையோ அனைத்தையுமோ துறத்தல். இவை வினை உதிர்ப்புக்காகக் கூறப்பட்டவை; இடையளவைக் குறைக்கும் குறிப்புகளாக இவற்றைச் சுருக்குதல் முறையன்று. எனினும் நோன்பைக் கைக்கொண்ட குடும்பம் அதன் உட்பொருளை நழுவவிடும் இடங்கள் சில உண்டு. பச்சைக் காய்கறியை விலக்கும் பர்வ நாளில் அதற்கு ஈடாக அப்பளமும் வற்றலும் ஊறுகாயும் எண்ணெயும் உப்புமாய் இலையேறுகின்றன. கிழங்கு உண்ணாத சில வீடுகளில் ஜவ்வரிசிப் பாயசமும் ஜவ்வரிசி வடகமும் கேள்வியின்றி உண்ணப்படுகின்றன. அந்த ஜவ்வரிசி எங்கிருந்து வருகிறது? கொல்லிமலைச் சரிவில் சாமையை விலக்கி நின்ற அதே மரவள்ளிக் கிழங்கு, லாரியில் வளைவுகள் இறங்கி, சேலம், நாமக்கல் ஆலைகளில் அரைந்து, பால் வடிந்து, உருண்டு, வறுபட்டு வெண்முத்தாக வருவது. நாரும் புரதமும் ஏறக்குறைய அற்ற வெறும் மாவுச்சத்து அது. நோன்பு முறையாலும் நலக் கணக்காலும் ஆராயத்தக்க பொருள்.

பொழுது சாயுமுன் உண்டு முடித்தலைப் பற்றி அறிவியல் இப்போதுதான் பேசத் தொடங்கியுள்ளது. 2018இல் அமெரிக்காவில் நடந்த சிறு ஆய்வொன்றில், நீரிழிவின் வாசலில் நின்ற ஆண்கள் எண்மர் ஆறு மணி நேரத்துக்குள், பிற்பகல் மூன்றுக்கு முன், நாள் உணவை முடித்தனர். ஐந்து வாரங்களில் எடை குறையாமலே இன்சுலின் நன்கு செயல்பட்டது; இரத்த அழுத்தமும் இறங்கியது. எட்டுப் பேரைக் கொண்டு ஊருக்குச் சட்டம் வகுக்க முடியாது. மூன்று மணிக்குள் முடிப்பதும் பொழுதடையுமுன் முடிப்பதும் ஒன்றல்ல. இரவுணவைத் தவிர்க்கும் வீட்டினர் பெருமைப்படலாம். ஆனால் மாலை ஐந்து மணிக்கே இரண்டு வேளைக்கானதைச் சேர்த்து உண்பவர்க்கு இப்பெருமையில் பங்கில்லை.

அப்படியானால் சாமைக்குத் திரும்பினால் போதுமா? 2023ஐ ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாக அறிவித்தபின், நகரக் கடைகளில் சாமையும் தினையும் மருந்துபோல் விலையேறி நிற்கின்றன. சிறுதானியம் மருந்தன்று, அதுவும் மாவுச்சத்து மிகுந்த தானியமே. அதன் சிறப்பு தவிட்டிலும் நாரிலும் புரதத்திலும் உள்ளது. வெண்மையாகும்வரை தீட்டிய சாமையில் அச்சிறப்பு பெரும்பாலும் கழிந்துவிடும். மாவாக நைய அரைத்துக் கூழாகக் குடித்தால் சர்க்கரை விரைந்தே ஏறும். வெல்லமும் நெய்யும் சேர்த்து உருட்டிய தினை உருண்டையை நலவுணவு என்று விற்பவரை என்னென்பது! கொல்லிமலையார் தினையை உண்ட காலத்தில் அவரையும் துவரையும் கீரையும் கூடவே உண்டனர். உண்டதற்கு ஈடாக மலை ஏறினர். இவற்றை விட்டுவிட்டுத் தானியத்தை மட்டும் மாற்றுவோர் பெறுவது சிறிதே.

எதனால் பயன் உண்டு என்பதற்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. 2006இல் வெளிவந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் நீரிழிவின் விளிம்பில் நின்ற 531 பேர் மூன்றாண்டுகள் கவனிக்கப்பட்டனர். பொதுவான அறிவுரை மட்டும் பெற்ற குழுவில் 55 விழுக்காட்டினர் நீரிழிவு நோயாளராயினர். நாள்தோறும் அரைமணி நேர விரைநடையும், தீட்டிய மாவுச்சத்தையும் கொழுப்பையும் குறைத்து நார் மிகுந்த உணவை உண்ணுதலும் பழகிய குழுவில் அது 39.3 விழுக்காடு. இதில் நினைவில் இருத்தத்தக்கது ஒன்று உண்டு: பயன்பெற்ற குழுவின் சராசரி எடை குறிப்பிடத்தக்கவாறு குறையவே இல்லை. எடை இறங்கவில்லை என்று மனம் தளர்ந்து மூன்றாம் வாரமே நடையை நிறுத்துவோர் பலர். உள்ளே நடக்கும் நன்மையை எடைத் தட்டு அறியாது.

இடையளவு எடுக்கும் முறையையும் இங்கே சொல்லிவிடலாம். வேட்டியையோ கால்சட்டையையோ கட்டும் இடம் இடை அன்று. தொந்திக்குக் கீழே கட்டிக்கொண்டு தம் அளவு பல ஆண்டாய் மாறவில்லை என்பார் பலர். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, இயல்பாக மூச்சை விட்ட நிலையில், வயிற்றை எக்காமல், தையற்கார நாடாவால் அளக்க வேண்டும். ஆண்களுக்கு முப்பத்தைந்தரை அங்குலத்தை நெருங்கினால், பெண்களுக்கு முப்பத்தொன்றரையை நெருங்கினால், மற்ற நான்கையும் பார்த்துவிடுதல் நலம். இரத்த அழுத்தமும், வெறும் வயிற்றுச் சர்க்கரையும், கொழுப்பு வகைகளும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கேட்கத்தக்கவை. கருவுற்ற காலத்தில் சர்க்கரை கண்ட பெண்களும், பெற்றோர்க்கு நீரிழிவு உள்ளவரும், மாதவிலக்கு நின்ற மகளிரும் மெலிந்திருந்தாலும் ஆண்டுக்கொருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆகாரம், ஔஷதம், சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களுள் ஔஷத தானத்துக்காக அறக்கட்டளைகள் மருத்துவ முகாம் நடத்துவது வழக்கம். முகாம்களில் கண்ணும் பல்லும் பார்க்கப்படுகின்றன, எடையும் எடுக்கப்படுகிறது. ஒரு நாடா விலை சில ரூபாய்தான். அது மட்டும் பெரும்பாலும் இருப்பதில்லை. முகாமன்று பரிமாறப்படும் உணவில் கேசரியைக் குறைத்துச் சுண்டலைக் கூட்டினாலும் செலவு ஏறிவிடாது.

நோன்பிருப்போர்க்கு ஒரு செய்தி. நீரிழிவு மாத்திரைகளுள் சில, உணவு செல்லாத வேளையிலும் இன்சுலினைச் சுரக்கச் செய்வன. இன்சுலின் ஊசியும் அத்தகையதே. தசலட்சண நாள்களிலோ அட்டமி, சதுர்த்தசியிலோ இவற்றை வழக்கம்போல் எடுத்துக்கொண்டு உண்ணாதிருந்தால் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்து மயக்கம் வரும். தாமே மாத்திரையை நிறுத்துவதும் தீங்கே. நோன்புக்குச் சில நாள் முன்னரே மாத்திரை அட்டையோடு மருத்துவரைக் கண்டு, எதைக் குறைப்பது, எதை எந்த வேளைக்கு மாற்றுவது என்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். சிறுநீரகம் தளர்ந்தவரும் இன்சுலின் போடுவோரும் உண்ணாநோன்புக்கு மாற்றாக ஒருவேளை உணவோ இரச பரித்தியாகமோ மேற்கொள்ளலாமா என்பதை முதியோரிடமும் மருத்துவரிடமும் கேட்டறிதல் வேண்டும். நோன்பின் நடுவே வியர்வையும் நடுக்கமும் படபடப்பும் தோன்றினால், பொழுது எதுவாயினும், வீட்டிலுள்ளோர் தயங்காமல் சர்க்கரை கரைத்த நீரைக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மீண்டும் சர்க்கரையை அளந்து பார்க்க வேண்டும்.